பச்சை நூலை நான் எரித்துப் பார்க்கவில்லை

போன மாதம் பழைய தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்தது. துணி வாங்கும் பொறுப்பில் எனக்குப் பிறகு வந்த ஷர்மிளா பேசினாள்.

"மிஸ், துணி செக் பண்ற ரூம்ல ஒரு பேப்பர் ஒட்டி வச்சிருக்கீங்கல்ல, எந்தத் துணி வந்தாலும் ஒவ்வொரு கலர் நூலையும் தனித்தனியா எரிச்சுப் பாக்கணும்னு. இப்பல்லாம் கொழும்பு லேப் ரிப்போர்ட் ரெண்டு நாள்ல ஃபோனுக்கே வந்துருதுங்க. அதக் கழட்டிரலாமா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தொலைபேசியில் சொல்லி முடித்திருக்க மாட்டேன். முப்பத்தொரு வருடம் துணியோடு வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பதினொரு நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் காகிதம் அந்த நாட்கள் முடிந்த கையோடு எழுதியது.

நான் மாத்தளையில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைப் பார்த்துக் கழிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டன், தையல், கறை, அளவு என்று ஒன்பது வருடம் போயிற்று. அதன் பிறகு பல்லேபொல வீதியில் இருந்த சின்னத் தையல் தொழிற்சாலைக்குத் துணி வாங்கும் உத்தியோகத்துக்கு வந்தேன். அங்கே முப்பத்தெட்டுப் பேர். பாடசாலை பேண்ட் வாத்தியக் குழுக்களுக்கு உடுப்புத் தைப்பதுதான் முக்கிய வேலை. தொப்பி, கோட்டு, பிறகு அந்தக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை. கில்ட் என்பார்கள். ஸ்கொட்லாந்தில் ஆண்கள் உடுப்பது. நாங்கள் பொலியெஸ்டர் துணியில் தைத்தோம். வெயிலில் அணிவகுத்துப் போகும் பிள்ளைகளுக்குக் கம்பளி எதற்கு?

அப்படி ஒரு பேண்ட் குழு சீகிரியாப் பக்கம் வீதியில் போனபோது, அங்கே ஹோட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பார்த்திருக்கிறார். இதை யார் தைத்தது என்று த்ரீவீல்காரரைக் கேட்டிருக்கிறார். அவர் பாடசாலையில் விசாரித்துச் சொல்ல, மறுநாள் அதே த்ரீவீலில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். பெயர் கிரெய்க். ஸ்கொட்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கம் நடத்தினார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு படைப்பிரிவைப் போல உடுத்து, கூடாரம் போட்டு, விறகில் சமைத்து, வெடிமருந்து இடிக்கும் பழைய துப்பாக்கிகளைச் சுட்டு, அந்தக் காலத்துச் சண்டைகளை ஊர்மக்களுக்கு நடித்துக் காட்டுவார்கள். உறுப்பினர்கள் பஸ் சாரதிகள், தாதிமார், கடைகளில் நிற்பவர்கள். உடுப்பு அச்சாக அந்தக் காலத்துத் துணியில் இருக்க வேண்டும். அங்கேயே நெய்த கம்பளி வாங்கினால் ஒரு கில்ட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும். மலிவாகக் கிடைப்பது செயற்கை நூல், கட்டமும் பிழை.

"பிழையான கட்டத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பொறுக்க முடியாது" என்று சொல்லிக் காலுறையைக் கீழே இறக்கினார். கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிப் பளபளத்த தோல். ஒருமுறை மலிவான கில்ட் உடுத்துத் தீ ஓரமாக உட்கார்ந்தபோது பொறி பட்டதாம். கம்பளியாக இருந்தால் கருகி அணைந்திருக்கும். அது உருகி ஒட்டிக்கொண்டது. துணியைப் பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. "எனவே முழுக்க முழுக்கக் கம்பளி. அதை மட்டும் எனக்கு உறுதி சொல்லுங்கள்" என்றார்.

நான் உறுதி சொன்னேன். அவ்வளவு எளிதாகச் சொன்னேன்.

நம் நாட்டில் கம்பளி நெய்வதில்லை. இந்தியாவின் ஆலைகளுக்கு எழுதினேன். பெரிய ஆலைகள் எங்கள் அளவைக் கேட்டுப் பதிலே போடவில்லை. சில ஆலைகள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மெத்துமெத்தென்ற மாதிரி அனுப்பின. கிரெய்க் கேட்டது வேறு. நூல் இறுக்கி முறுக்கியதாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சாய்கோடாக நெய்திருக்க வேண்டும். செடியிலும் பட்டையிலும் காய்ச்சிய சாயம்போல நிறம் மங்கலாக இருக்க வேண்டும். எந்தப் பட்டையில் எத்தனை நூல் என்று, எங்கோ பாதுகாத்து வைத்திருந்த பழைய கிழிசலைப் பார்த்து எண்ணி எழுதிய தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார். நீலம், கறுப்பு, பச்சை, நடுவில் ஒரு மெல்லிய சிவப்பு. கடைசியில் பஞ்சாப் பக்கத்து ஒரு சின்ன ஆலை ஒத்துக்கொண்டது. மாதிரி வரும்போதெல்லாம் பூதக்கண்ணாடியைத் துணிமேல் வைத்து ஊசி முனையால் ஒவ்வொரு நூலாகத் தள்ளி எண்ணுவேன். மூன்றாவது மாதிரியில் இரண்டு கறுப்பு நூல் குறைந்தது, திருப்பி அனுப்பினேன். பச்சைதான் எல்லாவற்றிலும் பாடாய்ப் படுத்தியது. பாசி பிடித்த கல்லின் நிறம் வேண்டும். ஆறாவது மாதிரியில்தான் வந்தது.

ஹனீபா சேரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் எங்கள் தர மெனேஜர். மாத்தளை டவுன்காரர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அதுதான் பயம். துணி வந்தால் தன் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணிமேல் நூறு தரம் தேய்ப்பார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். மாலையில் அதை எடுத்து விரித்து உங்கள் மேசையில் வைப்பார். சாயம் இறங்கியிருந்தால் கைக்குட்டை சொல்லும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஏதாவது சந்தேகம் என்றால் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பார், அதே குரலில், அதே சொற்களில். முதல் தரம் எல்லாரும் உடனே பதில் சொல்லுவோம். மூன்றாம் தரம் யாருக்கும் நாக்கு எழாது.

கம்பளிச் சோதனையை அவர் முன்னால்தான் செய்வேன். துணி உருளையின் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்ட வேண்டும். நெடுக்கே போகும் நூலில் ஒன்றும் குறுக்கே போகும் நூலில் ஒன்றும் உருவி, சிறுகிடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். கம்பளி சுருண்டு எரியும், தீயை எடுத்தால் அணையும், முடி கருகிய வாடை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அந்த வாடை எனக்குப் பழக்கம். லயத்தில், கொழுந்து பறிக்கப் போர்த்திப் போய் மழையில் நனைந்த கம்பளியை அம்மா அடுப்போரம் காயப் போட்டு, ஓரம் கருகிவிடுவது உண்டு. செயற்கை நூல் உருகிச் சொட்டும், ஆறினால் கறுப்பு மணி போல இறுகிவிடும். நசுக்க முடியாது.

முதல் தொகுதித் துணி நன்றாக வந்தது. கில்ட்டுகள் போய்ச் சேர்ந்தன. கிரெய்க் படம் அனுப்பினார். புல்வெளியில் வரிசையாக நிற்கிறார்கள், துப்பாக்கிப் புகை, நாங்கள் தைத்த கில்ட். தையல் பகுதியில் எல்லாரும் கூடிநின்று பார்த்தோம். உடனே இரண்டாவது ஓடர் வந்தது, அறுபத்து நான்கு கில்ட். துணி பதினான்கு உருளை. பதினான்கையும் மூலை வெட்டி எரித்துப் பார்த்தேன். பதினான்கும் முடி கருகிய வாடை. கையெழுத்துப் போட்டேன். தைத்து அனுப்பினோம்.

அனுப்பி மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. அயன் பிடிக்கும் பகுதியில் இருந்த புஷ்பம் என் மேசைக்கு வந்தாள். கையில் வெட்டிக் கழித்த துண்டுத் துணி.

"மிஸ், மகளுக்குப் பென்சில் பை தைக்கலாம்னு இத எடுத்தேங்க. அயன் பொக்ஸ்ல ஒட்டுது."

"ஈரத்துணி போடலியா?"

"கில்ட்டுக்குன்னா மேல ஈரத்துணி போட்டுத்தாங்க பிடிப்பேன். இது துண்டுதானேன்னு சும்மா வச்சேன். பாருங்க."

துண்டில் நீலம் சரியாக இருந்தது. கறுப்பும் சரியாக இருந்தது. பச்சைப் பட்டை மட்டும் மினுங்கி, தட்டையாகி, விரலில் பிசுபிசுத்தது.

ஒரு பச்சை நூலை உருவினேன். கிடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனேன். தீ தொடுவதற்கு முன்பே நூல் பின்வாங்கியது. பிறகு உருகி, கறுப்பாக ஒரு மணி.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பதினான்கு உருளையும் எரித்தேனே? பிறகு விளங்கியது. கட்டம் பிசகாமல் இருக்க ஆலை எப்போதும் நீலப் பட்டையின் நடுவில்தான் உருளையை வெட்டும். துணியின் கரையும் நீலம். மூலையில் வெட்டினால் எந்நாளும் நீலம்தான் கையில் வரும். நான் பதினான்கு தரம் நீலத்தை எரித்திருக்கிறேன். பச்சையை ஒரு தரமும் தொடவில்லை.

ஹனீபா சேரிடம் துண்டைக் கொண்டுபோனேன். அவர் வெள்ளைத் துணிக்குப் போடும் ப்ளீச்சை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, துண்டை அதில் போட்டார். கம்பளி ப்ளீச்சில் கரைந்துவிடும். இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நுரை வந்தது. நீலம் கரைந்தது, கறுப்பு கரைந்தது. அரைமணி நேரத்தில் குவளைக்குள் வெளிறிய பச்சை நூல்கள் மட்டும் மீன் வலை போல மிதந்தன.

"எத்தின கில்ட் போயிருக்கு?" என்று கேட்டார்.

"அறுபத்து நாலு சேர்."

"எத்தின கில்ட் போயிருக்கு?"

"அறுபத்து நாலு."

மூன்றாம் தரம் கேட்டபோது நான் அழுதேன். அவர் குவளையை ஒரு தட்டால் மூடினார்.

முதல் தொகுதியின் துண்டுகளைத் தேடி எடுத்து எரித்துப் பார்த்தோம். அதில் பச்சையும் கம்பளிதான். ஆக இந்த அறுபத்து நான்குதான். முதலாளியிடம் போனோம். அவர் கெட்ட மனிதர் இல்லை. முப்பத்தெட்டுப் பேருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுத்தவர். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தடவினார்.

"மில்காரன்கிட்ட மொதல்ல கேப்போம். அவன் என்ன சொல்றான்னு தெரியாம நாம வாயத் தொறக்கக்கூடாது. இந்த ஓடர் போனா கில்ட் லைன மூடணும். பதினேழு பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு நாள் பொறுங்க மிஸ்."

நான் சரி என்றேன். கிரெய்க்கின் கெண்டைக்கால் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது, இருந்தும் சரி என்றேன். புஷ்பமும் அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி, அவள் வேலையை நினைத்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் என் கையெழுத்தை நினைத்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அளவுத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கில்ட்டுக்கும் பெயர், இடுப்பு, நீளம். கிரெய்க் முப்பத்தாறு. டங்கன் நாற்பத்திரண்டு. ஃபியோனா என்ற பெண்ணுக்கு இருபத்தாறுதான், எல்லாரிலும் சின்ன இடுப்பு, என் மகளுடைய அளவு. இவர்களில் யார் தீக்குக் கிட்ட உட்காருவார்கள் என்று நினைப்பேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க என்னால் முடியவில்லை. மகள்தான் சமைத்தாள். தட்டில் போட்டதைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவேன்.

புதன் மாலை ஆலையிலிருந்து பதில் வந்தது. அந்தப் பச்சைக் கம்பளி நூல் பாதியில் தீர்ந்துவிட்டதாம். அதே நிறத்தில் இருந்த வேறு நூலைப் போட்டு முடித்தார்களாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதே என்று எழுதியிருந்தார்கள்.

வியாழன் காலை ஹனீபா சேர் என் மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "எழுதுங்க மிஸ். என்ட பேரையும் போடுங்க. மொதலாளிக்கு விஷயத்த நான் செல்றேன்."

என்ன நடந்தது, யார் கையெழுத்து, எந்தக் கில்ட்டுகள், எல்லாம் எழுதினேன். யாரும் அதை உடுத்துத் தீக்கோ துப்பாக்கிக்கோ கிட்டப் போகக்கூடாது என்று மேலேயே எழுதினேன். அனுப்பிய நொடியில் பதில் வந்தது. திறந்து பார்த்தால் தானாக வரும் பதில். கிரெய்க் புதன்கிழமை முதல் பயிற்சி முகாமில் இருக்கிறார், அங்கே அந்தக் காலத்து ஒழுங்கு, தொலைபேசி கிடையாது, அடுத்த வாரம் சனிக்கிழமை பெரிய நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் பதில்.

புதன்கிழமை முதல். திங்களே எழுதியிருந்தால் படித்திருப்பார். திரையைத் திருப்பிக் காட்டினேன். ஹனீபா சேரும் அதைப் படித்தார். "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

கிரெய்க்கின் தொலைபேசி எண்ணுக்கு நாளெல்லாம் எடுத்தோம், அணைத்திருந்தது. வேறு யாருடைய விலாசமும் எங்களிடம் இல்லை. கில்ட்டுகளைக் கிரெய்க்குக்கு மொத்தமாக அனுப்பினோம், அவர்தான் பிரித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை என் மகள் அந்தச் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எங்கள் எச்சரிக்கையை ஆங்கிலத்தில் போட்டாள். சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் பார்த்துவிட்டு, ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்துச் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரத் தட்டு கிட்ட வந்தபோது கை நீட்டாமல் பின்னால் நகர்ந்தேன். ஐயர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மதியம் பதில் வந்தது. எழுதியவள் ஃபியோனா. இருபத்தாறு அங்குலம். வேலை காரணமாக முகாமுக்குப் போகவில்லையாம். இது உண்மைதானா, எப்படி நம்புவது என்று கேட்டிருந்தாள்.

மகள் தட்டச்சு செய்ய நான் சொன்னேன்: "கில்ட்டோட உள்பக்கத்துல இருந்து ஒரு பச்சை நூல உருவச் சொல்லு. கையில வச்சுக்கிட்டு எரிக்க வேணாம்னு சொல்லு, கிடுக்கியில. தண்ணி பக்கத்துல வச்சுக்கச் சொல்லு."

இருபது நிமிடம். பிறகு ஒரு படம் வந்தது. வெள்ளைத் தட்டில் ஒரு கறுப்பு மணி. கீழே ஒரு வரி: "நான் இப்போதே முகாமுக்குக் காரை எடுக்கிறேன்."

அதன் பிறகு மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த மூன்று நாள்தான் மற்ற எல்லா நாளையும்விட மோசம். செய்வதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

வியாழக்கிழமை கிரெய்க் ஊருக்குள் வந்து பேசினார், முகாமில் சிக்னலே கிடையாதாம். ஸ்பீக்கரில் போட்டு முதலாளி, ஹனீபா சேர், நான் மூவரும் கேட்டோம். ஃபியோனா வந்து சொன்னதும் எல்லாக் கில்ட்டையும் கழற்றி மூட்டை கட்டிவிட்டார்களாம். சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் பழைய கில்ட் உள்ளவர்கள் மட்டும் போவார்களாம். பிறகு அவர் சொன்னார், ஃபியோனா வருவதற்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமை, டங்கன் கறி கிண்டிக்கொண்டிருந்தபோது விறகு வெடித்து மடியில் நெருப்புத் துண்டு விழுந்தது. தொடையில் ஒரு சாண் நீளத்துக்குக் காயம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் துணி உருகியதை யாரும் கவனிக்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் வேறு இடத்துத் தோலை எடுத்து வைத்திருக்கிறார்கள். நடப்பார், ஆனால் நாள் எடுக்கும்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன், ஆங்கிலம் தடுமாறத் தடுமாறச் சொன்னேன்: எனக்குத் திங்கட்கிழமையே தெரியும், வியாழக்கிழமைதான் எழுதினேன். கிரெய்க் "இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை" என்றார். பிறகு, "டங்கனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்றார்.

ஓடர் போகவில்லை. அறுபத்து நான்கையும் எங்கள் செலவில் மறுபடி தைத்துத் தருவதாக முதலாளி தானாகவே சொன்னார். ஆலை முழுக்கக் கம்பளியில் மறுபடி நெய்தது. நான் அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டினேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் கொடுத்தேன். ஹனீபா சேர் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு தபால் வந்தது. அனுப்பியவர் டங்கன். முதலாளி அதைத் திறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். வக்கீல் கடிதமாக இருக்கும் என்று அவருக்கும் எனக்கும் ஒரே எண்ணம். ஹனீபா சேரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு திறந்தேன்.

கையால் எழுதிய அரைப் பக்கம். திங்கள், வியாழன் பற்றிக் கிரெய்க் சொன்னார், கோபம் வந்தது, இன்னும் முழுக்கப் போகவில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் நிகழ்ச்சி நாளில் அறுபத்து நான்கு பேர் அந்தத் துணியோடு துப்பாக்கி சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்தாராம். கடைசியில் ஒரு வேண்டுகோள். காலை நீட்டிப் போட்டு இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில் உடம்பு வைத்துவிட்டது, புதுக் கில்ட்டின் இடுப்பை நாற்பத்திரண்டாக இல்லாமல் நாற்பத்துநான்காகத் தைக்க முடியுமா?

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. அளவுத் தாளில் எண்ணைத் திருத்தினேன்.

அவருடைய கில்ட்டுக்கு வெட்டிய துணியை நானே எடுத்துக்கொண்டு சோதனை மேசைக்குப் போனேன். நீலம், கறுப்பு, பச்சை, சிவப்பு, நெடுக்கில் நான்கு நூல், குறுக்கில் நான்கு நூல். எல்லாம் சாம்பலானது. மறுபடி உருவி மறுபடி எரித்தேன். பிறகு இன்னொரு தரம். நான்காவது தரம் உருவும்போது ஹனீபா சேர் வந்து என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"போதும் மிஸ்" என்றார். "தைக்கக் கொஞ்சம் துணி மிச்சம் ஈக்கட்டும். மனுஷன் வேற இடுப்புல ரெண்டு இஞ்சி கூடிட்டாரு."